கண் தெரியும்போதே ஒரு பரீட்சை

மதுரை மாநகரத்தில் கண்ணுக்கு என்றுமே தனி மரியாதை உண்டு. ஊரை ஆளும் தாயின் திருநாமமே மீனாட்சி. மீனைப் போன்ற கண்ணை உடையவள் என்று பொருள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கண்நோய் தீர்ந்தால் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறார்கள். ஒரு பொருளைக் 'கண்ணைப் போலக் காப்பாற்றினோம்' என்று சொன்னால், அதற்கு மேல் காப்பாற்ற மனிதரால் ஆகாது என்று அர்த்தம். இவ்வளவு இருந்தும், சர்க்கரை வியாதி உள்ள நம் ஜனங்கள் தங்கள் சொந்தக் கண்ணை அப்படிக் காப்பாற்றுகிறார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் ஒன்றும் அசட்டையாக இருப்பவர்கள் அல்லர். காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றி, ரயிலைத் தவறவிடப் போகிறவர்களைப் போல் வேகமாக நடக்கிறார்கள். கல்யாண வீட்டில் பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கும் வைராக்கியங்கூடச் சிலருக்கு வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு என்று ரத்தச் சர்க்கரைக் கணக்கைப் பையன்கள் கிரிக்கெட் ஓட்டங்களைச் சொல்வதுபோல் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள். "எல்லாம் சரி, கண்ணின் உட்புறத்தைக் கடைசியாக எப்பொழுது டாக்டரிடம் காட்டினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கண்ணா? அது நன்றாகத்தானே தெரிகிறது!" என்ற பதில் உடனே வரும்.

அந்த ஒரு பதிலை முன்னிட்டே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். சர்க்கரை வியாதிக்காரர் விஷயத்தில் அதைப் போல் நம்மை ஏமாற்றும் சாட்சி வேறொன்றில்லை. கண் நன்றாகத் தெரியும் காலமே அதைப் பரீட்சை செய்துகொள்ள வேண்டிய காலம். தெரியாமற்போன பிறகு செய்யும் பரீட்சையில் பல சமயங்களில் நஷ்டத்தைக் கணக்கெடுக்கலாமே ஒழிய, போனதைத் திரும்பப் பெற முடிவதில்லை.

ஏன் அப்படி? கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. நாம் பார்க்கும் உருவங்கள் எல்லாம் விழுவது அதன் மேல்தான். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களில் மிகச் சிறியவை தலைமயிரைக் காட்டிலும் நுண்ணியவை. மதுரை ஜில்லாக்காரர்களுக்கு ஓர் உவமானம் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும். பெரியாற்றுத் தண்ணீர் பெரிய கால்வாயில் வந்து, கிளைக் கால்வாய்களாகப் பிரிந்து, கடைசியில் கையகல வாய்க்காலாக வயலுக்குள் நுழைகிறதல்லவா? கண்ணிலும் அதே ஏற்பாடுதான். ரத்தத்தில் சர்க்கரை வருஷக் கணக்காக மிகுந்திருந்தால், அந்தக் கடைசி வாய்க்கால்களின் கரை பலவீனப்பட்டு அங்கங்கே புடைக்கிறது, கசிகிறது. விழித்திரையில் சிறு ரத்தப் பொட்டுகளும் மஞ்சள் நிறப் படிவுகளும் தோன்றுகின்றன. கசிந்த நீர் திரையின் மத்தியில் தேங்கினால், எழுத்தைப் படிப்பதற்கும் முகத்தை அடையாளம் காண்பதற்கும் உரிய நடுப்பார்வை மங்குகிறது.

சில வாய்க்கால்கள் அடியோடு தூர்ந்தும் போகின்றன. தண்ணீர் வராத வயல்காரன் என்ன செய்வான்? அவசர அவசரமாகப் புதிய வாய்க்கால் ஒன்றை வெட்டுவான். கண்ணும் அதையே செய்கிறது. ரத்தம் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை முளைக்கச் செய்கிறது. ஆனால் அவை உறுதியற்றவை; வளரத் தகாத இடத்தில் வளர்பவை. ஒரு நாள் அவற்றில் ஒன்று உடைந்து, கண்ணை நிரப்பியிருக்கும் பளிங்கு போன்ற கூழில் ரத்தம் பரவிவிடுகிறது. அதோடு நில்லாமல், அந்தக் குழாய்களைச் சூழ்ந்து உண்டாகும் தழும்பு சுருங்கி இழுத்து, விழித்திரையையே சுவரிலிருந்து பெயர்த்துவிடுவதும் உண்டு.

இதில் விபரீதம் என்னவென்றால், இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. நடுப்பகுதி தப்பியிருக்கும் வரையில் பொடி எழுத்தைக்கூடப் படிக்கலாம். ஒரு கண் மங்கினாலும் மற்றொன்று அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவதால், மங்கியது தெரிவதே இல்லை.

நாம் அறிந்த சித்திர வாத்தியார் ஒருவர் இருந்தார். கோபுரத்துப் பொம்மைகளை நின்ற நிலையில் பார்த்துப் பென்சிலால் வரைந்துவிடுவார். சர்க்கரை வியாதி அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக இருந்தது. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டார். கண்ணைக் காட்டச் சொன்னவர்களிடம் பத்திரிகையின் பொடி எழுத்தை உரக்க வாசித்துக் காட்டி, "இதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டும்?" என்று கேட்பார். ஒரு நாள் காலையில் இடது கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல்கள் மிதப்பதைப் போல் இருந்தது. மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் திரை விழுந்துவிட்டது. வலது கண்ணைச் சிகிச்சை செய்து நிலைநிறுத்தினார்கள். இடது கண்ணில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள பேதம் மட்டுமே மிஞ்சியது. "நேற்று வரையில் தெரிந்ததே, ஐயா!" என்று அவர் நம்மிடம் பல தடவை சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். நேற்று வரையில் தெரிந்தது. ஆனால் கரை கசியத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

கண் வைத்தியத்துக்குப் பெயர் போன நம் ஊரில் இப்படி நடக்கலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தப் பெயர் வந்த வரலாற்றிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918-ஆம் வருஷம் வடமலாபுரம் என்னும் கிராமத்தில் பிறந்தவர். இளமையிலேயே மூட்டுவாத நோயினால் அவருடைய கை விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு கண் வைத்தியரானார். தம் ஆயுளில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1956-ஆம் வருஷம் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் வைத்தியப் பகுதிக்குத் தலைவராக வந்தார். பழைய தலைமுறையினர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றும், இப்போது நாம் ராஜாஜி ஆஸ்பத்திரி என்றும் சொல்லுகிறோமே, அங்கே பணியாற்றிக்கொண்டே கிராமங்களுக்குச் சென்று கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். 1976-இல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். கொடுக்க முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்குவது, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்வது என்ற அதன் ஏற்பாட்டை இன்று உலகத்தின் பல பாகங்களிலிருந்து வந்து பார்த்துப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண் லென்ஸை, 1992-ஆம் வருஷம் தொடங்கப்பட்ட ஆரோலாப் என்ற ஸ்தாபனத்தின் மூலம் மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்து காட்டினார்கள். டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார். ஆனால் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் கைப்பிடித்து அழைத்துவரப்பட்ட எத்தனையோ கிழவர்களும் கிழவிகளும், அவர் வகுத்த வழியினால் தாமாகவே வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார்கள்.

அவர்களுடைய கண்ணை மறைத்தது புரை. அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவதனால் வருவது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் பார்வை திரும்பிவிடுகிறது. வருஷக் கணக்கில் குருடராக இருந்தவர்கூட, மற்றப் பகுதிகள் நன்றாக இருந்தால், மறுநாள் கட்டவிழ்த்ததும் பேரனைப் பார்க்கிறார். இந்த அற்புதத்தைத் தெருவுக்குத் தெரு கண்டுவிட்ட நம் ஜனங்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்: 'பார்வை மங்கினால் போகலாம், போனால் திரும்ப வரும்' என்பதே அந்தப் பாடம். 'புரை முற்றட்டும்' என்று காத்திருந்த பழைய வழக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது.

புரைக்கு ஏறக்குறைய ஒத்துவரும் இந்தப் பாடம், சர்க்கரை வியாதியினால் வரும் விழித்திரை நோய்க்குத் தலைகீழானது. லென்ஸை மாற்றலாம், விழித்திரையை மாற்ற இன்று வரையில் வழி இல்லை. புரையில் மங்கிய பிறகு போனால் லாபம். இங்கே மங்குவதற்கு முன்பு போனால்தான் முழு லாபம். இரண்டும் கண்நோய்தானே என்று ஒரே கணக்கில் எழுதுவது, புத்தகம் கிழிந்ததையும் எழுத்து அழிந்ததையும் ஒன்றென்று நினைப்பதைப் போன்றது. கிழிந்த அட்டைக்குப் புது அட்டை போடலாம். அழிந்த எழுத்தை யார் எழுதித் தருவார்?

இந்த வேற்றுமையை மதுரை வைத்தியர்கள் வெகு நாளைக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். டாக்டர் வெங்கடசாமியோடு சேர்ந்து உழைத்தவர்களில் முக்கியமானவரான டாக்டர் பி. நம்பெருமாள்சாமி விழித்திரை நிபுணர். புரைக்கு நடந்ததைப் போலவே சர்க்கரைக்காரர்களின் விழித்திரைக்காகவும் கிராமங்களில் முகாம்கள் நடத்தப்பட்டன. ஆனால் புரைக்காரர் கண் தெரியாமல் தேடி வருகிறார். இவரோ கண் தெரிகிறதென்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கஷ்டம் அதுதான்.

தேசம் முழுவதையும் நோக்கினால் கவலை அதிகமாகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் என்ற பெரிய ஆராய்ச்சியின்படி, இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். 2022-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன சர்க்கரைக்காரர்களில் 100-க்கு 12 அல்லது 13 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. 4 பேருக்குப் பார்வையையே பறிக்கத்தக்க நிலை ஏற்பட்டிருந்தது. நூற்றுக்கு நான்கு என்பது பரீட்சை மார்க்கில் அற்ப சொற்பம். கோடிக் கணக்கில் பெருக்கிப் பார்த்தாலோ நெஞ்சு திடுக்கிடுகிறது.

பரீட்சை என்கிறோமே, அது என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசித்து, சாளேசுவரத்துக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வருவது இந்தப் பரீட்சை ஆகாது. அங்கே சோதிக்கப்படுவது பார்வையின் கூர்மை. இங்கே பார்க்க வேண்டியது திரையின் நிலைமை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கருமணியின் நடுவிலுள்ள வாசலை அகலமாக்கி, அதன் வழியே டாக்டர் வெளிச்சத்தைச் செலுத்தி உள்ளே நோக்குகிறார். உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காண்பதற்கு ஏற்ற கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1851-இல் வெளியிட்டார். அதற்கு முன்னால் அந்த அறை வைத்தியர்களுக்கு இருட்டறையாகவே இருந்தது. இப்போது அந்தக் கருவியின் வம்சத்தில் பிறந்த காமிராக்கள் விழித்திரையைப் படமே எடுத்துவிடுகின்றன. உடம்பைக் கிழிக்காமல் ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்கக்கூடிய இடம் இது.

மருந்து விட்டுக் கண் அகல்வதற்கு அரை மணி நேரம் போல் ஆகும். பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும். கிட்டத்துப் பொருள் மங்கலாகத் தெரியும். அதைக் கண்டு, "மருந்து விட்டுக் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தானே தெளிந்துவிடும். அன்று மட்டும் வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒருவர் வருவது நல்லது.

எப்பொழுது செய்துகொள்வது? நடு வயதில் வரும் சாதாரணச் சர்க்கரை வியாதியானால், வியாதி உண்டென்று தெரிந்த உடனேயே முதல் பரீட்சை. ஏனென்றால், அது கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பல வருஷம் சத்தமின்றி இருந்திருக்கலாம். சிறு பிராயத்திலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளும்படி நேர்கிறவர்களுக்கு, வியாதி தோன்றிய ஐந்து வருஷத்துக்குள். அதன் பிறகு இரு சாராருக்கும் பொதுவாக வருஷத்துக்கு ஒரு தடவை. நோய் தென்பட்டால் டாக்டர் குறிக்கும் தவணைப்படி அடிக்கடி. ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ள பெண் கருவுற்றால் ஆரம்ப மாதங்களிலேயே கண்ணைக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் விழித்திரை நோய் வேகமாக முற்றக்கூடும்.

பரீட்சையில் ஏதாவது தென்பட்டால் உடனே கத்தியையும் ஊசியையும் நினைத்து நடுங்க வேண்டியதில்லை. ஆரம்ப நிலையில் கண்ணுக்கென்று தனிச் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைப்பதே சிகிச்சை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 1,441 பேரைக் கொண்டு நடந்து 1993-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் அபாயம் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு குறைந்ததென்று காட்டியது. காப்பியில் சர்க்கரையை நிறுத்தியவர்களின் தியாகம் வீண் போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நோய் முற்றினால் லேசர் ஒளியால் விழித்திரையின் ஓரப் பகுதிகளில் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள். உறுதியற்ற புதுக் குழாய்கள் அதனால் வாடிப்போகின்றன. தீவிரமான பார்வை இழப்பைத் தீவிர ஒளிச் சிகிச்சை பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை, 1,700-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி உலகுக்கு முதலில் அறிவித்தது 1976-இல். மதுரையில் அரவிந்த் ஆஸ்பத்திரி பிறந்ததும் அதே வருஷம். நடுப்பகுதியில் நீர் தேங்கினால், கண்ணை மரக்கச் செய்து உள்ளே மருந்தை ஊசியால் செலுத்துகிறார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் நொடியில் முடியும் வேலை. ஆனால் ஒரு தடவையோடு நிற்பதில்லை. பல தடவை போட வேண்டியிருக்கும். செலவும் அதற்குத் தக்கபடி ஏறும். முன்கூட்டியே பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பணப்பைக்கும் நல்லது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். லேசர் செய்துகொண்டு வந்தவர், "முன்னைவிட ஒன்றும் அதிகமாகத் தெரியவில்லையே, இரவில் சற்றுக் குறைவாகக்கூட இருக்கிறது" என்று குறைப்படுவது உண்டு. புரை எடுத்ததைப் போல் உலகம் பளிச்சென்று ஆகும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார். வைகையின் கரையை மழைக்கு முன்னால் பலப்படுத்தினால் வயலில் விளைச்சல் கூடிவிடாது. வெள்ளம் வரும்போது ஊர் மிஞ்சும். இந்தச் சிகிச்சையின் பலன், போகாமல் நிற்கும் பார்வை.

தூரம் ஒரு காரணம் என்று சொல்லவும் இப்போது அதிக இடமில்லை. 2004 முதல் அரவிந்த் ஸ்தாபனத்தார் சிற்றூர்களிலும் சிறு பட்டணங்களிலும் கண் பரிசோதனை நிலையங்களை வைத்து வந்து, இன்று அவை நூற்றுக்கு மேல் ஆகிவிட்டன. பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே கண்ணைச் சோதிக்கிறார்கள். தூரத்து ஆஸ்பத்திரியிலுள்ள டாக்டர் திரையின் வழியே நோயாளியுடன் பேசி யோசனை சொல்லுகிறார். விழித்திரைப் படத்தைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் இயந்திர மூளையும் வந்துவிட்டது. கூகிள் கம்பெனியார் 1,28,000-க்கு மேற்பட்ட படங்களைக் காட்டி அதற்குப் பாடம் கற்பித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் மதுரையிலிருந்து சென்றவையும் உண்டு. 2019-இல் அது மதுரை ஆஸ்பத்திரியிலேயே நடைமுறைக்கு வந்தது. நம் ஊர்க்காரர்களின் கண்கள் உலகத்துக்கு ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன என்பதில் நாம் பெருமைப்படலாம்.

ஆனால் எந்த இயந்திரமும் வந்து உட்கார்ந்தவரின் கண்ணைத்தான் பார்க்கும்; வராதவரை அழைத்து வராது. 2021-இல் சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்லதுதான். கண்ணைக் காட்டவோ நாமே எழுந்து போக வேண்டும்.

வீடுகளில் இதற்குத் தடையாக இருப்பது அலட்சியம் மட்டுமல்ல. எஜமானருக்கு லீவு கிடைக்க வேண்டும். மருந்து விட்டால் அன்று வேலை கெடும். அம்மாளுக்கோ லீவு என்பதே இல்லை. அவளை யார் அழைத்துக்கொண்டு போவது, திரும்பி வந்து அன்று மாலை யார் சமைப்பது என்ற கேள்விகளில் வருஷங்கள் கழிகின்றன. சுங்குடிச் சேலைக்கு நூலால் நுணுக்கமாக முடிச்சுப் போடும் பெண்ணையும், விடியுமுன் மல்லிகை மொட்டைப் பறித்துப் பொழுது ஏறியதும் சரம் தொடுக்கும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கண்தான் கையிருப்பு. ஒரு நாள் கூலி போகிறதே என்று அவர்கள் தயங்குவது நியாயமாகத் தோன்றலாம். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தி எல்லா நாளையும் இழப்பது நியாயமாகுமா?

ஆகையால் ஒரு யோசனை சொல்லுகிறோம். வருஷாந்தரப் பரீட்சைக்குத் தேதி குறிக்காவிட்டால் எந்தப் பையனும் படிக்க மாட்டான் என்பது உபாத்தியாயர்களாகிய நமக்கு நன்றாகத் தெரியும். பெரியவர்களும் அப்படியே. மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் யாரும் மறக்க முடியாத தேதி ஒன்று இருக்கிறது: சித்திரைத் திருவிழா. அழகர் வைகையில் இறங்கி, மண்டபங்கள் தோறும் தங்கி, மலைக்குத் திரும்பியதற்கு அடுத்த வாரத்தை வீட்டிலுள்ள சர்க்கரைக்காரர்களின் கண் பரீட்சைக்கென்று வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, கூடப் போகப் பேரனோ பேத்தியோ கிடைப்பார்கள். சென்ற வருஷத்துச் சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்து எடுத்துப் போனால் டாக்டருக்கும் சௌகரியம்.

"கண் நன்றாகத்தானே தெரிகிறது!" என்று தாத்தா சொன்னால், பேத்தி விடக் கூடாது. "தெரிகிறது, தாத்தா, அதனால்தான் இப்போதே போகிறோம்" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும்.